கடையை வாங்க வந்தவர்

வாடகை நாற்காலிகளை வாசலில் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்த பெரியவள், கேட்டைத் திறந்துகொண்டு அந்த ஆள் உள்ளே வருவதைப் பார்த்ததும், கையில் இருந்ததை விரிக்காமல் அப்படியே நின்றாள். அவள் கண்ணில் முதலில் பட்டது முகமல்ல, சட்டை. பெட்டியைப் பிரித்ததும் எடுத்து மாட்டிய புதுச் சட்டை. நெஞ்சில் குறுக்கும் நெடுக்குமாக மடிப்புக் கோடுகள். காலருக்கு அடியில் ஒரு குண்டூசியை எடுக்க மறந்திருந்தார். லாண்டரிக்காரர் பெற்ற மகளுக்கு மனிதர்களை முதலில் சட்டையில்தான் பார்க்கத் தெரியும்.

"வாங்க" என்றாள், ஒப்புக்கு.

"வர்றேங்க்கா" என்றார் அவர். நேராகக் கூடத்துக்குள் போய், படுத்திருந்தவரின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெளியே வந்து கடைசி வரிசையில், சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே படுத்திருந்தவர் அவளுடைய அப்பா. தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மடிப்பு' என்றால்தான் தெரியும். நடையிலும் பேச்சிலும் மடிப்புக் கலையாத மனிதர் என்று எப்போதோ யாரோ கிண்டலுக்கு வைத்தது, நிலைத்துவிட்டது. முந்தின நாள் காலையில், கைமாறப்போகிற தன் லாண்டரிக் கடைக்குள்ளேயே விழுந்து இறந்துபோனார். அப்போது கூட இருந்தது இந்த ஒரே ஒரு ஆள். கடையை வாங்க வந்தவர். வெளியூர்க்காரர், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்தார். அன்றைக்குச் சாவியை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் கடை திறப்பதாக ஏற்பாடு.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். அவரும் சொன்னார்.

"கவுன்டர்ல நின்னு பேசிக்கிட்டே இருந்தாருங்க. லேசா வேர்க்குதுன்னாரு. அப்படியே சரிஞ்சு உக்காந்தாரு. அவ்வளவுதாங்க."

காபி டம்ளர்களை எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போன பெரியவள் அதைக் கேட்டாள். திரும்பி வரும்போது இன்னொருவரிடம் சொல்வதையும் கேட்டாள். ஒரு சொல் மாறவில்லை. லேசா வேர்க்குதுன்னாரு. அப்படியே சரிஞ்சு உக்காந்தாரு.

அவளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை, விபத்துப் பிரிவில். வண்டி எப்படி மோதியது, கை எப்படி முறிந்தது என்று வருகிறவர்கள் சொல்லும் கதையைக் கேட்டு, நம்பலாமா வேண்டாமா என்று எழுதுவதுதான் அவள் பிழைப்பு. உண்மையைச் சொல்கிறவன் ஒவ்வொரு தடவையும் ஒன்றை விடுவான், ஒன்றைச் சேர்ப்பான், முன்பின் குழம்புவான். பாடம் பண்ணியவன்தான் பிசகாமல் ஒப்பிப்பான். டம்ளர்களைச் சமையலறைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தம்பியைத் தேடிப் போனாள்.

தம்பி மாடிப்படியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து வைத்திருந்தான். அப்பாவின் மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், நாலாக மடித்த கைக்குட்டை.

"இதப் பாருக்கா" என்று ஒரு சாவியை நீட்டினான். "கடையோட பின்கதவுச் சாவி. சட்டைப் பையில இருந்துச்சாம்."

"கொத்துல இருக்கணுமே?"

"அதான். கொத்தை நேத்தே அந்த ஆள்கிட்ட குடுத்துட்டாரு. இது மட்டும் தனியா எப்படி வந்துச்சு?"

அவள் சாவியை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"எனக்கு அந்த ஆளை ஆரம்பத்துலேயே பிடிக்கலை" என்றான் தம்பி. "செல்போன் கடை வைக்கிறேன்னு வந்தவர் எவ்வளவு நல்ல விலைக்குக் கேட்டாரு. அவரை விட்டுட்டு, எங்கேயோ இருந்து வந்த இவனுக்குத்தான் குடுப்பேன்னு அப்பா ஒத்தைக் கால்ல நின்னாரே, ஏன்? இவன் ஏதோ சொல்லி மயக்கியிருக்கான்."

அந்தக் கேள்வி அவளுக்கும் இருந்தது. அதற்கு முன்னால் இன்னொன்றும் இருந்தது. போன வருடம் ஈரத்தரையில் வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டதிலிருந்து, கடையை விட்டுவிடச் சொல்லி அவளும் தம்பியும் மாறி மாறிச் சொல்லிவந்தார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தம்பி ஒருநாள் குரலை உயர்த்தினான். அவள் ஒருநாள் அழுதும் காட்டினாள். எதற்கும் அசையாத மனிதர், ஒரு சாயங்காலம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "சரி, வித்துரலாம்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு முணுமுணுப்பு இல்லை. அப்போதே அவளுக்கு உறுத்தியது. அப்பா அத்தனை சுலபத்தில் இறங்கிவருகிற ஆள் கிடையாது.

அதோடு நிற்கவில்லை. கடையை விற்பனைக்குத் தயார் பண்ணுகிறேன் என்று அவர் இறங்கிய வேகம் வீட்டில் எல்லோரையும் திகைக்க வைத்தது. சுவருக்கு வெள்ளையடித்தார். துவைக்கிற இயந்திரத்துக்குப் புது பெல்ட் மாட்டினார். பாய்லருக்குள் படிந்திருந்த உப்பைச் சுரண்டி எடுத்தார். யாரும் வந்து வாங்காமல் கிடந்த துணிகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். "அப்படியே புதுசாக்கிட்டு அவரே உக்காந்துக்கப் போறாரு போல" என்று அம்மாகூடச் சிரித்தாள். அதெல்லாம் சரி. விற்கிற கடை பளிச்சென்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஜன்னலோரத்து இஸ்திரி மேசைக்கு முன்னால் தடியாக ஒரு புது ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டார். நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கால் வலிக்காமல் இருக்கப் போடுகிற விரிப்பு. பக்கத்தில் ஓர் உயரமான முக்காலியும் வந்து சேர்ந்தது. இத்தனை வருடம் வெறுந்தரையில் நின்றவர், விட்டுப் போகிற கடைக்கு, வரப்போகிற எவனோ நிற்பதற்காக ஏன் அதை வாங்கினார்?

அவள் கேட்டதற்கு, "கிடக்கட்டும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை.

எதிர்க்கடை மருந்துக்கடைக்காரம்மா மாலையோடு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பெரியவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொல்லணும்மா. சொல்லலாமா கூடாதான்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை."

"சொல்லுங்க."

"அந்த ஆளுதான் ஓடி வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கன்னு கத்தினாரு. நானும் கூப்பிட்டேன். ஆனா…" அவள் சுவரோரம் ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப அவரு உடம்புல சட்டை இல்லைம்மா. பனியனோட ஓடி வந்தாரு."

"சட்டை இல்லையா?"

"இல்லை. நான் உள்ள போய்ப் பார்த்தேன். உங்கப்பா கவுன்டர்கிட்டேயும் இல்லை. அந்த ஜன்னல் மேசைக்குக் கீழ கிடந்தாரு. துணி கருகின வாடை வேற. எனக்கு ஒண்ணும் புரியலை. கடைதான் வாரக்கணக்கா மூடிக்கிடக்கே, அங்க என்ன கருகும்?"

பட்டப்பகலில், கடைக்குள், சட்டையில்லாமல் ஓர் ஆள். கைகலப்பா? அப்பா கடைசி நேரத்தில் விற்க மாட்டேன் என்றாரா? பிடித்துத் தள்ளினானா? அவள் சுவரோரம் பார்த்தாள். அந்த ஆள் குனிந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பியிடம் இதைச் சொன்னதும் அவன் எழுந்தேவிட்டான். அவள்தான் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இப்ப வேண்டாம். அப்பாவை முதல்ல அனுப்பி வைப்போம்."

"நீ எத்தனை பேரைக் கேள்வி கேட்டு மடக்கியிருக்க. இவனை விட்டுடுவியா?"

"விட மாட்டேன்."

அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து, காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"நேத்து போகும்போது அப்பா என்னம்மா சொன்னாரு?"

"என்ன சொல்வாரு. போயிட்டு வர்றேன்னாரு."

"வேற?"

"நல்ல பேன்ட்டை எடுத்துப் போட்டுக்கிட்டாரு. ரெண்டு தரம் ஷேவ் பண்ணினாரு. சாவி குடுக்கப் போறதுக்கு எதுக்கு இவ்வளவு அலங்காரம்னு கேட்டேன். முதலாளியைப் பார்க்கப் போறேன்னாரு."

"எந்த முதலாளி? அவர்தானேம்மா முதலாளி."

"கிண்டலுக்குச் சொல்றாருன்னு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தத் திரும்பலில் ஏதோ இருப்பதாகப் பெரியவளுக்குப் பட்டது. இன்றைக்கு அவளுக்கு எல்லோர் மேலும் சந்தேகமாக இருந்தது. பெற்ற தாயின் முதுகைக்கூட அவள் அந்தக் கண்ணோடுதான் பார்த்தாள்.

வண்டி வந்தது. தூக்குவதற்கு ஆள் போதவில்லை என்று யாரோ குரல் கொடுத்தபோது, சுவரோரம் இருந்தவர் எழுந்து வந்து கைகொடுத்தார். தம்பி அவரை முறைத்தான். ஆனால் அந்த நேரத்தில் என்ன செய்ய முடியும்? தலைமாட்டில் மகனும் கால்மாட்டில் கடையை வாங்க வந்தவருமாக அப்பாவை வண்டியில் ஏற்றினார்கள். தூக்கின வேகத்தில் புதுச் சட்டையின் தோள்பட்டைத் தையல் விட்டது. அந்த ஆள் அதைக் கவனிக்கவில்லை.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் அவள் குளித்தாள். தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல், பின்கதவுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா மட்டும் கட்டிலில் இருந்தபடி பார்த்தாள்.

சந்து வழியாகப் போய்க் கடையின் பின்கதவைத் திறந்தாள். புது வெள்ளையடிப்பின் சுண்ணாம்பு வாசனை. அதற்கு அடியில், மருந்துக்கடைக்காரம்மா சொன்ன கருகல். விளக்கைப் போடாமல், பாய்லரைத் தாண்டி உள்ளே போனாள். முன்பக்க ஷட்டர் இறங்கியிருந்தது. ஜன்னல் வழியாக வந்த சாயங்கால வெளிச்சம் மேசைமேல் மட்டும் விழுந்தது.

மேசைமேல் ஒரு சட்டை கிடந்தது. வெளிர்நீலச் சட்டை, அப்பாவுடையது இல்லை. ஒரு கை கத்தி போல மடிப்பு விழுந்து கிடந்தது. இன்னொரு கையில் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் பழுப்பாக, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்திருந்தது. தண்ணீர்த் தெளிப்பான் தரையில் கவிழ்ந்து கிடந்தது. முக்காலி சாய்ந்திருந்தது. அவள் எதையும் தொடவில்லை. ஆபீஸில் படங்களை வைத்துக்கொண்டு யோசிப்பதுபோல் மனதுக்குள் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திப் பார்த்தாள். முக்காலி விழுந்த பக்கம். தண்ணீர் சிந்திய பக்கம். கோத்துப் பார்த்தால் எதுவும் நல்லதாக வரவில்லை.

அப்போது முன்பக்கம் ஷட்டரின் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது.

அவள் பாய்லருக்குப் பின்னால் ஒதுங்கினாள். ஷட்டர் ஆள் குனிந்து வருகிற அளவுக்கு ஏறியது. குனிந்து வந்தவர் யாரென்று தோள்பட்டையில் விட்டுப்போன தையலே சொன்னது. அவர் அக்கம்பக்கம் பார்க்கவில்லை. நேராக மேசைக்குப் போனார். வெளிர்நீலச் சட்டையை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அதை வைங்க" என்றாள் பெரியவள்.

அவர் சட்டென்று திரும்பினார். சட்டை கீழே விழுந்தது.

"அக்கா… நீங்க எப்படி…"

"நான் எப்படி வந்தேன்கிறது இருக்கட்டும். அப்பா கவுன்டர்லதானே விழுந்தாரு? அப்ப இங்க எதைத் தேடி வந்தீங்க?"

அவர் கீழே கிடந்த சட்டையைப் பார்த்தார்.

"சட்டையில்லாம தெருவுல ஓடியிருக்கீங்க. பார்த்தவங்க இருக்காங்க. இவ்வளவு பேர்கிட்ட ஒரே கதையை மனப்பாடமா சொல்லிக்கிட்டிருக்கீங்க. என்ன நடந்துச்சு இங்க? சண்டையா?"

"சண்டையா?" அவர் அந்தச் சொல்லையே புரியாதவர்போல் திருப்பிச் சொன்னார். பிறகு சாய்ந்து கிடந்த முக்காலியை நிமிர்த்தி, அதில் உட்காராமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வீட்ல சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாருக்கா. சத்தியம்கூட வாங்கலை, சும்மாதான் கேட்டாரு. அதனாலதான்…"

"எதைச் சொல்ல வேண்டாம்னாரு?"

"என்கிட்ட வேலை கேட்டாரு."

அவளுக்கு ஒரு கணம் அது காதில் ஏறவில்லை.

"யாரு?"

"ஐயாதான். மொத நாள் கடையைப் பார்க்க வந்தப்பவே பேச்சு குடுத்துப் பார்த்தாரு. லாண்டரியாவே நடத்துவீங்களா, ஆள் எடுப்பீங்களான்னு. நேத்துதான் வெளிப்படையா கேட்டாரு. கடை உங்களுது, கல்லா உங்களுது, நான் எதுலயும் தலையிட மாட்டேன், காலையில வந்து இந்த ஜன்னல்கிட்ட நின்னு இஸ்திரி போட்டுட்டு மதியம் போயிடறேன். வாக்கிங் போறேன்னு சொன்னா வீட்ல விட்டுருவாங்க. பின்கதவுச் சாவி மட்டும் ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும், நீங்க வர்றதுக்குள்ள பெட்டியைச் சூடு பண்ணி வச்சிருவேன்னாரு."

பெரியவள் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள். பிறகு அதைப் பார்க்காமல் இருந்தாள்.

"எனக்குச் சிரிப்பு வந்துருச்சுக்கா. சிரிச்சிட்டேன். முழங்கால் முடியலைன்னுதானே உங்க பிள்ளைங்க விக்கச் சொன்னாங்க, உங்களால நின்னு வேலை பார்க்க முடியுமான்னு கேட்டேன். அதுக்கு அவரு கோபப்படலை. கழட்டுங்க சட்டையைன்னாரு."

"என்ன?"

"பஸ்ல வந்த கசங்கல், லாட்ஜ் கசங்கல் எல்லாம் அதுல இருந்துச்சு. கழட்டுங்க, போட்டுக் காட்டறேன், பிடிச்சா வேலை குடுங்க, இல்லைன்னா வேண்டாம்னாரு. நானும் விளையாட்டா கழட்டிக் குடுத்துட்டு, பனியனோட இந்த முக்காலியில உக்காந்திருந்தேன். ஒரு கையைப் போட்டு முடிச்சாரு. தூக்கிக் காட்டினாரு. எப்படின்னு கேட்டாரு. அடுத்த கையில பெட்டியை வச்சாரு. வச்ச பெட்டி நகரலை. நான் ஏதோ யோசிக்கிறாருன்னு இருந்துட்டேன். புகை வந்தப்புறம்தான்…"

அவர் முக்காலியை விட்டுவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வேலை கேட்டு நின்னப்ப உயிர் போச்சுன்னு உங்ககிட்ட எப்படிக்கா சொல்றது? கவுன்டர்ல முதலாளியா நின்னாரு, போயிட்டாருன்னு இருக்கட்டுமேன்னு நினைச்சேன். இந்தச் சட்டையை யாரும் பார்க்கக் கூடாதுன்னுதான் வந்தேன்."

அவள் மேசைக்கு அருகே வந்தாள். ரப்பர் விரிப்பில் கால் வைக்கப் போனவள், வைக்காமல் அதன் ஓரத்தில் நின்றாள். கீழே விழுந்திருந்த சட்டையை எடுத்து உதறினாள். முடிந்த கையின் மடிப்பு, சுருட்டியும் விழுந்தும்கூட அதிகம் கலையவில்லை.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"எதுக்குக்கா?"

"வேலைக்கு."

"சரின்னேன்."

"எப்ப? சட்டையைக் கழட்டறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டார்.

"எப்படின்னு கேட்டாருல்ல, அப்பச் சொல்லிட்டேன்" என்றார். "காதுல விழுந்திருக்கும்."

இதுவே ஆபீஸாக இருந்தால் அவள் இந்த இடத்தில் விட்டிருக்க மாட்டாள். என்ன வார்த்தையில் சொன்னீர்கள், அதற்கு அவர் என்ன செய்தார், சிரித்தாரா, தலையாட்டினாரா என்று அடுத்தடுத்துப் போயிருப்பாள். எங்கே நூல் பிரியும் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஆளும் அதை எதிர்பார்த்து, கேள்விக்குத் தயாராக, பார்வையை ஜன்னலிலிருந்து எடுக்காமல் நின்றார்.

அவள் சட்டையை மேசைமேல் விரித்து, பொத்தான்களைப் போட்டு, கருகிய கையை உள்பக்கமாக வைத்து மடித்தாள். மடித்து அவரிடம் நீட்டினாள்.

"தம்பிகிட்ட கவுன்டர்னே சொல்லுங்க" என்றாள்.

"சரிங்க்கா."

"அம்மா கேட்டா…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். முதலாளியைப் பார்க்கப் போறேன்னாரு என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிய அம்மாவின் முதுகு நினைவுக்கு வந்தது. "அவங்க கேட்க மாட்டாங்க."

பாதி ஏறியிருந்த ஷட்டருக்கு அடியில் இரண்டு கால்கள் வந்து நின்றன. யாரோ குனிந்து எட்டிப் பார்த்தார்கள். தோளில் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு, அலுவலகம் முடிந்து வருகிற களைப்போடு நடுத்தர வயதுக்காரர் ஒருவர்.

"கடை திறந்தாச்சா? நல்லதாப் போச்சு" என்று உள்ளே வந்தார். "மூடியிருக்கேன்னு தினமும் பார்த்துட்டுப் பார்த்துட்டுப் போறேன். வெள்ளையெல்லாம் அடிச்சிருக்கீங்க போல."

வந்தவர் கோட்டைக் கவுன்டர்மேல் வைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். காலரை அழுத்திப் போட வேண்டாம், மடிப்பு உருண்டையாவே இருக்கட்டும். பெரியவர்கிட்ட சொல்லுங்க, அவருக்குத் தெரியும்."

கடையை வாங்கியவர் பெரியவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து, சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்றேங்க" என்றார் அவர்.

கோட்டுக்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னாலேயே பெரியவளும் குனிந்து தெருவில் இறங்கினாள். மருந்துக்கடையில் விளக்கு போட்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த ஆள் கோட்டை ஒரு கம்பியில் மாட்டிவிட்டு விலகி நின்று பார்த்தார். பிறகு எடுத்து, கொஞ்சம் தள்ளி, இஸ்திரி மேசைக்குப் பக்கத்துக் கம்பியில் மாட்டினார்.